வெடிக்காத சரம்

பட்டாசுக் கம்பெனி கேட்டில் பெண்களைச் சோதனை போடும்போது முதலில் கையைத்தான் பார்ப்பார்கள். வளையல் கூடாது. அப்புறம் கால்: கொலுசு, மெட்டி கூடாது. தலையில் கொண்டை ஊசி, சேலையில் ஊக்கு, இடுப்பில் பெட்டிச் சாவி, எதுவும் உள்ளே போகாது. உலோகம் எங்கேயாவது உரசிப் பொறி கிளம்பினால் அப்புறம் சோதனை போட ஆள் இருக்காது என்பது கம்பெனியின் கட்சி. அது நியாயமான கட்சிதான். தாலியை மட்டும் மஞ்சள் கயிற்றோடு அனுமதிப்பார்கள், அதையும் ரவிக்கைக்குள் தள்ளிக்கொள்ள வேண்டும்.

இதனால் தாயில்பட்டிப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர்ப் பெண்கள் வாரம் முழுக்க மொட்டைக் கையும் மொட்டைக் காதுமாக அலைவார்கள். துளை தூர்ந்து போகாமல் இருக்கக் காதில் ஓர் ஈர்க்குச்சி. ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆறு நாள் போடாததையெல்லாம் சேர்த்துப் போட்டுக்கொண்டு ரேஷன் கடைக்குப் போவார்கள். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் ஊரில் ஏதோ கல்யாணம் என்று நினைப்பார்கள். மண்ணெண்ணெய் வாங்கத்தான் அந்த அலங்காரம்.

நான் சொல்வது இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஊரில் ஒன்றிரண்டு பேர் செல்போனை எல்லோரும் பார்க்கும்படி சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்த காலம். என் அக்கா கம்பெனியில் சரம் பின்னிக்கொண்டிருந்தாள். சின்னச் சின்னச் சிவப்பு வெடிகளை நூலில் கோத்துப் பின்னி, கடைசியில் பற்றவைக்கத் திரியை வால் போல விட்டு முடிக்கிற வேலை. அத்தான் அதே கம்பெனிக்கு வேன் ஓட்டினார். காலையில் ஊர் ஊராகப் போய்ப் பெண்களை ஏற்றிக் கொண்டுபோய் கேட்டில் இறக்குவார், சாயங்காலம் திரும்ப ஏற்றிவந்து வீட்டில் விடுவார். நான் அவர்கள் வீட்டில் தங்கி, சிவகாசியில் ஓர் அச்சாபீசில் தினசரிக் காலண்டருக்குத் தலையில் தகரம் அடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி அக்கறைப்படுகிற ஆட்கள் ஊரில் நிறைய இருந்ததால் நான் அக்கறைப்படவில்லை.

ஒரு சீசன் நடுவில் அக்காவுக்குப் பக்கத்து அறை வெடித்தது.

அக்காவுக்குக் காயம் இல்லை. இடது காது மட்டும் கொஞ்ச நாள் கேட்கவில்லை. உள்ளே யார் மாட்டிக்கொண்டார்கள் என்று உடனே யாராலும் சொல்ல முடியவில்லை. வெளியே ஓடிவந்தவர்களைப் பார்த்து, யாரைக் காணோம் என்று தேடித்தான் கண்டுபிடித்தார்கள். காணாமல் போனவர் வேனில் தினமும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர். மத்தியானம் சோற்றை மாற்றிச் சாப்பிடுவதாக இருவருக்கும் பேச்சு. அக்காவின் புளிச்சோறு அவருக்கு, அவருடைய கத்திரிக்காய்க் குழம்புச் சோறு அக்காவுக்கு. அன்று அக்கா இரண்டு தூக்குச்சட்டிகளோடு வீட்டுக்கு வந்தாள்.

அந்தச் சட்டியைக் கழுவித் துடைத்துக்கொண்டு அவர் வீட்டில் கொடுக்கப் போனாள். அவருடைய புருஷன் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, நீயே வச்சுக்கோ தாயி என்று சொல்லிவிட்டார். அக்கா திரும்ப எடுத்துக்கொண்டு வந்து அடுப்படி மேடையில் வைத்தாள். அதில் எதையும் ஊற்றவில்லை.

மறுபடி கம்பெனி திறந்தபோது அக்கா வேனில் ஏறவில்லை. ஒரு வாரம் அத்தான் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் ஒருநாள் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தார்.

“எனக்குப் பயமா இருக்கு,” என்றாள் அக்கா, அவர் கேட்பதற்கு முன்னாலேயே.

“எல்லாருக்குந்தான் பயமா இருக்கு,” என்றார் அத்தான். “ஊரான் பொண்டாட்டிய எல்லாம் தெனமும் ஏத்திக் கொண்டுபோய் அங்கன விடுதேன். எம் பொண்டாட்டிய மட்டும் வீட்டுல வச்சிருக்கேன். வண்டியில அம்புட்டுப் பேரும் என் முதுகத்தான் பாத்துக்கிட்டு வாராக.”

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் கோபம் இன்னும் கூடியது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தீபாவளி முடிந்து கம்பெனிக்கு லீவு விடுவார்கள். பிறகு பூஜை போட்டுத் திறப்பார்கள். அதற்குள் அக்கா கையில் வேறு தொழில் நின்றுவிட்டால் சரி. நிற்காவிட்டால் பூஜையன்று அவளும் வேனில் ஏற வேண்டும்.

வேறு தொழில் என்றால் எங்கள் ஊரில் மழை பெய்தால் சோளக்காட்டில் களையெடுக்கலாம். மழை பெய்தால் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் மகளிர் குழு மூலமாக மதுரையிலிருந்து ஓர் அம்மா வந்தார். காகிதத்தை உருட்டி மணி செய்வது எப்படி, அதைக் கோத்து மாலையும் தோடும் செய்வது எப்படி என்று கற்றுக்கொடுப்பார் என்றார்கள். எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த எல்லோருக்கும் வெடிக்குக் காகிதம் உருட்டத் தெரியும். அதைக் கற்றுக்கொடுக்க ஒருவர் பஸ் ஏறி வருகிறார் என்றதும் ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. ஆனால் அந்த அம்மா செய்தது அழகாகத்தான் இருந்தது. காகிதத்தை நீள முக்கோணமாக வெட்டி உருட்டினால் நடுவில் பருத்து இரண்டு பக்கமும் ஒடுங்கிய மணி வருகிறது. அதன் மேல் வார்னிஷ் பூசிக் காயவைத்தால் கல்மணி தோற்றுவிடும். நாங்கள் வாயைப் பிளந்து பார்த்தோம்.

“இதுல விதி ஒண்ணும் கிடையாது. உங்க மனசுக்குத் தோணுற மாதிரி செய்யுங்க,” என்று சொல்லிவிட்டு அவர் மதுரைக்குப் போனார். அங்கேதான் தப்பு நடந்தது.

தீபாவளிக்கு முன்னால் மதுரையில் மகளிர் குழுக்களுக்குக் கண்காட்சி இருக்கிறது, எங்கள் குழுவுக்கும் ஒரு கடை உண்டு என்று தகவல் வந்தது. அக்கா ராப்பகலாக உட்கார்ந்தாள். காகிதம் என் பொறுப்பு. அச்சாபீசில் சாமி படக் காலண்டருக்கு ஓரம் வெட்டிக் கழிகிற காகிதத்தைக் கேட்டு வாங்கி மூட்டை கட்டிக்கொண்டு வருவேன். அந்த வருஷம் எங்கள் அச்சாபீசில் முருகனுக்கும் லட்சுமிக்கும் ஒரே பார்டர், நல்ல ரத்தச் சிவப்பு. அக்கா முதல் நாள் முக்கோணமாக வெட்டினாள். இரண்டாம் நாள் வேகத்துக்கு முக்கோணம் ஒத்துவராமல் நேராக வெட்டினாள். மணிகள் ஒரே அளவில், ஒரே இறுக்கத்தில், சின்னச் சின்னக் குழாயாக வந்து விழுந்தன. அதை நூலில் கோக்கும்போது கை தானாக ஒரு பின்னல் போட்டது. முடிக்கிற இடத்தில் ஒரு சாண் நூலை வெளியே விட்டது. இறந்தவரின் தூக்குச்சட்டியை அப்போதுதான் மறுபடி எடுத்தாள். மணிகளை அதில் போட்டுவைத்தாள்.

நான் பார்த்தேன். அத்தான் பார்த்தார். குழுத் தலைவி வந்து பார்த்துவிட்டு, பின்னல் சீராக இருக்கிறது என்று பாராட்டினார். எங்கள் ஊரில் ஒருவருக்கும் வித்தியாசமாக ஒன்றும் படவில்லை. சரம் என்றால் அப்படித்தானே இருக்கும்.

மதுரையில் மண்டப வாசலில் இருந்த செக்யூரிட்டி அட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

“என்னம்மா இது?”

“மாலைங்க.”

“எந்த ஊரு?”

“சிவகாசிப் பக்கம்.”

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. பெட்டியை வெயிலில் வைக்கச் சொன்னார். பிறகு என்ன தோன்றியதோ, வெயிலில் வைக்க வேண்டாம் என்று நிழலுக்கு மாற்றச் சொன்னார். உள்ளேயிருந்து பெரியவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். அக்கா ஒரு மாலையை எடுத்துக் கழுத்தில் போட்டுக் காண்பித்தாள். அவர்கள் அதைக் கழற்றும்படி கெஞ்சினார்கள். ஒரு மணியைப் பிரித்துக் காட்டியதும்தான் நம்பினார்கள். பிரித்த காகிதத்தில் லட்சுமியின் பாதி விரல் இருந்தது.

நம்பினாலும் எங்கள் கடைப் பக்கத்தில் ஒரு வாளி மணலைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். கண்காட்சி முடிகிற வரைக்கும் அது அங்கேயே இருந்தது. மேலே கட்டியிருந்த பலகையில் எங்கள் குழுவின் பெயர் சின்னதாகவும், சிவகாசி என்பது பெரியதாகவும் எழுதியிருந்தது. கீழே வரிசையாகச் சிவப்புச் சரம், பக்கத்தில் மணல் வாளி. அப்போதுதான் நான் எதிர்ப் பக்கத்துக் கடையில் நின்று எங்கள் கடையைப் பார்த்தேன். ஐயோ என்று இருந்தது.

வருகிற கூட்டம் எல்லாம் எங்களிடம்தான் வந்தது. பக்கத்தில் பனையோலைப் பெட்டி விற்ற அம்மாவுக்கு எங்கள் மேல் பொறாமையாகக்கூட இருந்திருக்கும்.

“ஆயிரம் வாலா எம்புட்டு?”

“இது கழுத்துல போடுறதுங்க.”

“சரி, புஸ்வாணம் இருக்கா?”

இதே பேச்சு காலையிலிருந்து சாயங்காலம் வரை. ஒரு சின்னப் பெண் மட்டும் மாலையைத் தொட்டுப் பார்த்து அழகாக இருக்கிறது என்றாள். அவளுடைய அம்மா அவளை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போனார். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அக்காவை நோக்கிக் கண்ணால் ஒரு சைகை செய்தார். நான் சண்டைக்கு எழுந்தேன். அவர் அதற்கு வரவில்லை. இருப்பதிலேயே நீளமான சரத்தைக் காட்டி, “எனக்குத் தெரியும்மா, மண்டபத்துக்குள்ள வெளிப்படையா விக்க முடியாதுல்ல,” என்று மெதுவாகச் சொல்லி, சொன்ன விலையைக் கொடுத்து, கறுப்புக் கவரில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார். அதுதான் முதல் விற்பனை. அக்கா அந்த ரூபாயைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் அவர் திரும்ப வந்தார். கையில் அதே கவர்.

“நமத்துப்போன சரக்கத் தலையில கட்டிட்டீங்களே. திரியில பத்தவச்சுப் பத்தவச்சுப் பாக்கேன், வெறும் தீஞ்ச வாடைதான் வருது. பிள்ளைக எல்லாம் காதைப் பொத்திக்கிட்டு எம்புட்டு நேரம் நிக்கும்?”

நான் சிரிப்பை அடக்க மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். அக்கா சிரிக்கவில்லை. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

“நான் பின்னுன சரம் இதுவரைக்கும் நமத்ததா யாரும் சொன்னதில்ல, பாத்துக்கோங்க,” என்றாள். பிறகு சுதாரித்துக்கொண்டு, “இதுல மருந்தே கிடையாதுண்ணே,” என்றாள். பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் கருகிய மாலையை எங்கள் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அதையும் நாங்கள் ஊருக்கு எடுத்துவந்தோம்.

பஸ்ஸில் வரும்போது அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். விருதுநகர் தாண்டியதும், “மாலை செய்யணும்னுதான உக்காந்தேன்,” என்றாள். “எங் கைக்குச் சரந்தான் வருது.” சிரித்ததற்காக எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் அந்த ஆளை நினைத்தால் மறுபடி சிரிப்பும் வந்தது.

தீபாவளி வந்தது, போனது. பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. அத்தான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசியிருந்தாலாவது நான் பதில் பேசியிருப்பேன்.

பூஜையன்று காலையில் அக்கா பழைய பருத்திச் சேலையைக் கட்டிக்கொண்டாள். வளையலையும் தோட்டையும் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டாள். மெட்டியையும் கழற்றினாள். பிறகு திடீரென்று கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, ஒரு மாலையை எடுத்துக் கழுத்தில் போட்டாள். காகிதத் தோட்டையும் மாட்டினாள்.

“அதை எதுக்குப் போடுத?” என்றார் அத்தான்.

“இது காகிதந்தான. இதையும் பானைக்குள்ள போடணுமோ?”

அவள் அப்படிக் கோபமாகப் பேசி நான் கேட்டதில்லை. அத்தான் வண்டியைக் கிளப்பப் போய்விட்டார். அன்று நான் வேலைக்கு லீவு போட்டிருந்தேன். பூஜைக்குக் கேட்டில் வருகிறவர்களுக்கெல்லாம் கேசரி கொடுப்பார்கள், அதற்காக வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு நானும் வேனில் ஏறினேன். அக்கா தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்து இடத்தில் யாரும் உட்காரவில்லை. நான் போய் உட்கார்ந்தேன்.

கேட்டில் சோதனை போடுகிற பெரியம்மா அக்காவின் கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், கழுத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

“என்னத்தா இது?”

“காகிதம்.”

பெரியம்மா அதை நசுக்கிப் பார்த்தார், மோந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சாமான் அவர் கைக்கு வந்ததில்லை. கூடாது என்று சொல்ல அவரிடம் விதி இல்லை. போகலாம் என்று சொல்லத் தைரியமும் இல்லை. போர்மேனைக் கூப்பிட்டார். பின்னால் வரிசை நீண்டது. பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

போர்மேன் நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். மாலையைக் கழற்றி வாங்கி, “நம்ம பின்னல்லா இது?” என்றார். அதைச் சிமெண்டுத் தரையில் உரசிப் பார்த்தார். பொறி வரவில்லை. பிறகு தோட்டை வாங்கிப் பார்த்தார்.

“கொக்கி கம்பியில இருக்கு. உள்ள போகாது.”

அக்கா கேட்டோரம் சாத்தியிருந்த விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கை ஒடித்தாள். தோட்டிலிருந்து கம்பிக் கொக்கியை உருவி எறிந்துவிட்டு, மணியை நூலால் ஈர்க்கில் கட்டிக் காதில் செருகிக்கொண்டாள். மாலையைத் திருப்பி வாங்கி, அதன் வாலைப் பின்கழுத்தில் முடிச்சுப் போட்டாள். மதுரையில் எங்களைக் காட்டிக்கொடுத்த வால்தான்.

“இப்ப?”

“காகிதம் தீப்பிடிக்குமே,” என்றார் போர்மேன்.

“உள்ள வேற என்னத்த வச்சிருக்கீக?” என்றார் பெரியம்மா. “அம்புட்டும் காகிதந்தான?”

உள்ளே மணி அடித்தார்கள், சூடம் காட்டப் போகிறார்கள் போல. “கழுத்தோட கிடக்கணும். குனிஞ்சா மருந்துல படக் கூடாது. கொக்கி, கம்பி எதுவும் ஆகாது,” என்று சொல்லிவிட்டுப் போர்மேன் திரும்பினார். அவருக்குச் சூடம் முக்கியம்.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததைப் போல ஒரு தள்ளுமுள்ளை நான் ரேஷன் கடையில்கூடப் பார்த்ததில்லை. “எனக்கு ஒண்ணு.” “எனக்குப் பச்சையில.” “எம் மகளுக்கும் சேத்து.” ஒருத்தி அக்கா கழுத்தில் இருந்ததையே அவிழ்த்துப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கம்பெனிக்குள் முதல் தடவையாக ஒரு கழுத்து நகையோடு போனது. எல்லோரும் போன பிறகு அக்கா மட்டும் கேட்டுக்கு வெளியே நின்றாள்.

“நீ வரலியா?” என்றார் பெரியம்மா.

“இல்ல பெரியம்மா. சரம் பின்னணும்.”

நான் கேசரி வாங்கிக்கொண்டேன். திரும்பும்போது வேனில் நாங்கள் மூன்று பேர்தான். ஓடைப் பாலத்தில் அத்தான் வண்டியை மெதுவாக்கி, “கண்ணாடியில தொங்கவிட மஞ்சள்ல ஒண்ணு செய்வியா?” என்றார். அக்கா ம் என்றாள். அழுதுகொண்டிருந்தாள். நானும்தான்.

என்னிடம் ஒரே ஒரு கட்டளை போட்டாள்: சிவப்பு மட்டும் கொண்டுவராதே. நான் கல்யாணப் பத்திரிகை ஓரம், நோட்டு அட்டை, சோப்பு டப்பாக் காகிதம் என்று கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்தேன். ஒவ்வொரு மூட்டையும் ஒவ்வொரு நிறம் என்பதால் ஒரு மாலை போல இன்னொரு மாலை இருப்பது அபூர்வம். பக்கத்துக் கம்பெனிகளிலும் கேட்டார்கள். ஏழாயிரம்பண்ணையிலிருந்துகூட ஆர்டர் வந்தது. முதலில் கூலி போடுகிற சனிக்கிழமை மட்டும் அக்கா வேனில் போய்க் கேட்டுக்கு வெளியே கருவேல நிழலில் உட்கார்ந்து விற்றாள். பிறகு அது தினமும் ஆனது. கம்பெனி வேலைக்குப் போகாமல் இருப்பதற்காக அக்கா தினமும் காலையில் கம்பெனிக்குப் போய்வந்தாள். அத்தானின் முதுகை இப்போது யாரும் பார்க்கவில்லை, அக்காவின் கழுத்தில் இன்றைக்கு என்ன நிறம் என்றுதான் பார்த்தார்கள்.

விற்பதெல்லாம் காலையில் கேட் திறப்பதற்குள் முடிந்துவிடும். மத்தியானப் பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடலாம். அவள் வரமாட்டாள். தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு மணி உருட்டியபடி சாயங்காலம் வரை அங்கேயே இருப்பாள். வெயிலில் எதற்கு வேகிறாய் என்று நான் ஒருநாள் சத்தம் போட்டேன்.

“அம்புட்டுப் பேரும் வெளிய வரட்டும்,” என்றாள்.

ஒரு சாயங்காலம் நானும் அங்கே இருந்தேன். கேட் திறந்து பெண்கள் வந்து வேனில் ஏறினார்கள். எல்லோருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம். அக்கா ஏறாமல் படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்தாள். நோட்டு அட்டை நீலம் வந்தது. சோப்புப் பச்சை வந்தது. பத்திரிகை மஞ்சள், கூடப்பிறந்த இரண்டு பேர் கழுத்தில் வந்தது. அவள் உதடு மட்டும் எண்ணுவதுபோல அசைந்தது. உள்ளே இருந்தவர்கள், நேரமாகுது என்று முணுமுணுத்தார்கள். அத்தான் ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஊதா நிறம் ஒன்று வரவில்லை. அக்கா கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஊதா மாலைக்காரி ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி ஓடிவந்து, கழுவப் போயிருந்தேன் என்று சொல்லிக்கொண்டே ஏறினாள்.

அக்கா கடைசியாக ஏறிக் கதவைச் சாத்தினாள்.

“எடுங்க,” என்றாள். அதற்குப் பிறகுதான் அத்தான் சாவியைத் திருகினார்.